கொட்டகலையில் தண்ணி 100 பாகையில் கொதிக்காது

தண்ணி எத்தனை பாகையில் கொதிக்கும்? தரம் 6 பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லும்: 100. அதே பிள்ளையின் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, கொட்டகலையில் ஏதாவது ஒரு லயத்து அடுப்பில் கொதிக்கிற தண்ணிக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. 95, 96க்குக் கிட்ட வந்து நின்றுவிடும். எவ்வளவு விறகு வச்சாலும் அதுக்கு மேல ஏறாது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. நாம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். மேலே போகப் போக காற்றின் அமுக்கம் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு 1 பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கு, அங்கே 94க்குக் கிட்ட. கொழும்பைவிட இங்கே பருப்பு வேக கொஞ்சம் கூட நேரம் எடுப்பதற்கும் இது ஒரு காரணம்.

இப்போ கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியது இல்லை, வகுப்பறையைப் பற்றியது. வெப்பமானி 96 காட்டும்போது வகுப்பில் என்ன நடக்கும்? நான் படித்த வகுப்பில் நடந்தது இதுதான்: வெப்பமானி பழசு என்று சொல்லப்பட்டது, எல்லாரும் கொப்பியில் 100 என்று எழுதினோம், அடுத்த பாடத்துக்குப் போனோம். வேறு பாடசாலைகளில் படித்த நண்பர்களிடம் கேட்டால், அவர்கள் வகுப்பில் வெப்பமானியை யாரும் கண்ணால் காணவே இல்லையாம். ஆக எங்கள் வகுப்பு பரவாயில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்க. அந்த 96தான் அன்றைக்கு வகுப்பில் நடந்திருக்கக்கூடிய ஒரே உண்மையான விஞ்ஞானப் பாடம். "ஏன் 96?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், "வெப்பமானி பிழையா, இடம் காரணமா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டிருந்தால், இன்னொரு வெப்பமானியை வைத்துப் பார்த்திருந்தால், கொழும்பில் இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டு அங்கே அளக்கச் சொல்லியிருந்தால், விஞ்ஞான முறை முழுசும் அதுக்குள்ளேயே வந்திருக்கும். அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு எல்லாம்.

நம்ம பிள்ளைகளுக்கு இந்த நாலு சொல்லும் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லாவே தெரியும். வரிசை பிசகாமல் ஒப்புவிப்பார்கள். விஞ்ஞான முறையையே ஒரு மனப்பாடப் பாட்டாக மாற்றிவிட்டோம் என்பதுதான் பிரச்சினை. ஒளித்தொகுப்புப் பரிசோதனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: செடியை இருட்டில் வை, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடு, வெயிலில் வை, பிறகு அயடீன் விடு. மூடாத பகுதி கருநீலம், மூடிய பகுதி மாறாது. விடையைக் கேட்டால் சொல்வாங்க. "ஏன் ஒரு பகுதியை மூடாமல் விட்டோம்?" என்று கேட்டுப் பாருங்க. அந்த மூடாத பகுதிதான் ஒப்பிடுவதற்கானது, அது இல்லாவிட்டால் பரிசோதனையே இல்லை என்பது பல பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் பரீட்சையில் வரவும் இல்லை.

அரசாங்கம் இதை யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007இல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம், பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி பாடம் நடத்தச் சொன்னது. ஐந்து 'ஈ' முறை என்று டீச்சர்மார் பேசிக்கொள்வார்கள். காகிதத்தில் நல்ல முறை. ஆனால் கடைசியில் வருகிற ஓ.எல். விஞ்ஞானப் பரீட்சையில் செய்முறைப் பரீட்சை கிடையாது. 40 பல்தேர்வு வினா, பிறகு எழுத்து வினாத்தாள். பிள்ளை வாழ்க்கையில் ஒரு தடவைகூட சோதனைக்குழாயைத் தொடாமல் ஏ எடுக்கலாம். அப்படி இருக்கும்போது எந்த டீச்சர் மூன்று பாடவேளையை ஒரு பரிசோதனைக்குச் செலவழிப்பார்? கடந்தகால வினாத்தாள் செய்ய வைப்பதுதான் புத்திசாலித்தனம். டீச்சர்மாரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

சரி, இதனால் என்ன கெட்டுப் போச்சு? இரண்டு உதாரணம் சொல்றேன். இரண்டும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற காலத்தில் நடந்தவை.

2020 டிசம்பர். கேகாலையைச் சேர்ந்த தம்மிக்க பண்டார, கொவிட்டுக்கு மருந்து என்று ஒரு பாணியைக் கொடுக்க ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே அதை வாங்கிக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்குக் கொவிட் உறுதியானது. பேஸ்புக் முழுக்க மீம்ஸ். நாமும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு ஆள் குடித்தார், அவருக்கு நோய் வந்தது, ஆகவே மருந்து பொய். இதுவும் விஞ்ஞான முறை இல்லை. பாணி குடித்து நோய் வராத ஒருத்தரைக் காட்டி "பாத்தியா, வேலை செய்யுது" என்று சொல்வதும், நோய் வந்த ஒருத்தரைக் காட்டி "பாத்தியா, பொய்" என்று சொல்வதும் ஒரே தவறுதான். குடித்தவர்கள் ஒரு கூட்டம், குடிக்காதவர்கள் ஒரு கூட்டம், இரண்டும் மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி. எந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணிப் பார்க்கணும். அதாவது அந்த மூடாத இலைப்பகுதி வேணும். அந்த ஒப்பீட்டைச் செய்து காட்டாத வரைக்கும் "மருந்து" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வரிசையில் நின்ற சனத்துக்கு மட்டுமில்லை, சிரித்த நமக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது நம்ம வயிற்றில் அடித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ பத்து வருசத்தில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று சொல்லியிருந்தார். பத்து வருசம் ஒரு நாளாகச் சுருங்கியது. பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றவர்கள் வெளிப்படையாக எச்சரித்தார்கள். கேட்கவில்லை. நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோ. டொலர் நெருக்கடி, எரிபொருள் இல்லாமை எல்லாம் அதில் சேர்ந்திருக்கு, உரம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உரம் விழாத மலையில் கொழுந்து குறையும் என்பது கூடை தூக்கின எந்த அம்மாவுக்கும் தெரியும். 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் வந்தது. அதோட பல தோட்டங்களில் நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற இறுக்கமும் வந்தது. ஒரு பக்கம் கிலோ கூடணும், இன்னொரு பக்கம் செடியில் கொழுந்து இல்லை. அரைப்பேர் யாருக்கு விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு மாவட்டத்தில், ஒரு தோட்டத்தில், ஒரு மலையில் செய்து பார்த்துவிட்டு நாடு முழுக்கச் செய்திருக்கலாமே? பாதிக்கு இது, பாதிக்கு அது என்று போட்டு இரண்டு வருசம் பார்த்திருக்கலாமே? தரம் 8 பிள்ளைக்குச் சொல்லித் தருகிற விசயம் ஜனாதிபதி செயலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களின் பேச்சு எடுபடவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அப்படிச் செய்து பார்க்கிற வேலைக்கென்றே ஒரு நிறுவனம் நம்ம பக்கத்து ஊரில் இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. நம்ம தோட்டங்களில் இருக்கிற வீ.பி. தேயிலை ரகங்களில் பல அங்கே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரு ரகத்தை இன்னொன்றின் பக்கத்தில் நட்டு, ஒரு பாத்திக்கு உரம் போட்டு ஒரு பாத்திக்குப் போடாமல், வருசக்கணக்கில் கொழுந்தை நிறுத்துப் பார்ப்பதுதான் அவர்களுடைய தொழில்.

இன்னும் பின்னுக்குப் போனால், இந்த மலைகள் தேயிலை மலைகளாக மாறினதற்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கு. 1869இல் கோப்பிச் செடியில் ஒரு துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மண் களைத்துப் போச்சு, மழை பிழைச்சுப் போச்சு என்று துரைமார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது வயது 26. அவர் காரணத்தை ஊகித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒட்டுகிற திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்தார். நோயின் வித்திகள் வந்து ஒட்டின. அவற்றை நல்ல இலையில் ஈரத்தோடு வைத்தார், நோய் வந்தது. காற்றில் பரவுகிற ஒரு பங்கசுதான் காரணம், மலை முழுக்க ஒரே பயிரை நெருக்கி நட்டதுதான் அதற்குச் சோறு போட்டது என்று காட்டினார். துரைமாருக்கு மருந்துதான் வேண்டியிருந்தது, அதை அவரால் கொடுக்க முடியவில்லை. கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. நம்ம பாட்டன் பூட்டன்மார் கோப்பி மலையிலிருந்து தேயிலை மலைக்கு மாறினார்கள்.

இந்தக் கதை எந்த மலையகப் பிள்ளைக்கும் விஞ்ஞான வகுப்பில் சொல்லப்படுவதில்லை. நியூட்டனின் அப்பிள் மட்டும் தவறாமல் விழும். விஞ்ஞான முறை என்பது எங்கோ வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் செய்கிற வேலை என்று நினைக்கிறோம். அது நம்ம மலையில்தான் 140 வருசமாக நடக்கிறது. பரிசோதனைப் பாத்தியில் கன்று நட்டது நம்ம ஆள்கள், கொழுந்தை எடுத்து நிறுத்தது நம்ம ஆள்கள். கேள்வி கேட்கிற வேலையும் முடிவு எழுதுகிற வேலையும் மட்டும் நம்ம கைக்கு வரவில்லை.

இதனால்தான் எனக்கு இந்த விசயம் புள்ளி எடுக்கிற பிரச்சினையாகத் தெரியவில்லை. தோட்டம் என்ற அமைப்பே "சொன்னதைச் செய்" என்பதில் கட்டப்பட்டது. பிரட்டுக்களத்தில் நின்று எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போகணும். எத்தனை கிலோ என்று தராசுக்காரர் சொன்னால் அதுதான் கிலோ. "எப்படித் தெரியும்?" என்று கேட்பது வாயாடித்தனம். அதே பழக்கம் வகுப்பறைக்கும் வந்துவிட்டது. விஞ்ஞான முறையின் முதல் பாடமே அந்த "எப்படித் தெரியும்?"தான். இரண்டாவது பாடம் "எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" இந்த இரண்டு கேள்வியையும் பயமில்லாமல் கேட்கிற ஒரு தலைமுறை வந்தால் தோட்டத்தில் என்ன மாறும் என்பதற்குத் தராசே நல்ல உதாரணம்.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பது பல தோட்டங்களில் நடக்கிற விசயம். எவ்வளவு கழிப்பது என்பதில் தினம் சண்டை. வீட்டுக்கு வந்த அம்மாமார் ராத்திரி முழுக்க அதைத்தான் பேசுவாங்க. ஒரு தரம் 9 வகுப்பு இதை எடுத்துச் செய்யலாம். ஈரமில்லாத கொழுந்து ஒரு கிலோவை நிறுத்து எடு. தண்ணியில் நனைத்து, உதறி, திரும்ப நிறு. கூடினது எவ்வளவு? பத்துத் தடவை செய். லேசான தூறல் மாதிரி தெளித்துப் பார், அடைமழை மாதிரி ஊற்றிப் பார். காய்ந்த சாக்கு எவ்வளவு, நனைந்த சாக்கு எவ்வளவு என்று தனியாக நிறு. எல்லாவற்றையும் அட்டவணையில் எழுது. இதுக்கு ஆய்வுகூடம் வேணாம். ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். கருதுகோள், மாறி, கட்டுப்பாடு, திரும்பத் திரும்ப அளப்பது, சராசரி எடுப்பது, பாடத்திட்டத்தில் இருக்கிற அத்தனையும் அதில் இருக்கு.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடணும். விடை நமக்குச் சாதகமாக வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கழிவு அநியாயம் என்றும் வரலாம், கழிவு சரிதான் என்றும் வரலாம். சரி என்று வந்தால் அதையும் அதே கொப்பியில் எழுதணும். நமக்குப் பிடிக்காத விடையை எழுதுகிற தைரியம் இல்லாவிட்டால் தராசுக்காரரிடம் கேள்வி கேட்கிற தகுதியும் நமக்கு வராது. விஞ்ஞான முறையில் கஷ்டமான பகுதி அதுதான், அயடீன் கரைசல் இல்லை.

"இதெல்லாம் பேச நல்லா இருக்கு, நடக்குமா?" என்று கேட்பீங்க. நடந்த இடம் இருக்கு. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், அப்போது ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட மாவட்டம். 1972இல் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து தொடங்கினவை. கிராமத்துப் பாடசாலைகள், காசில்லாத பாடசாலைகள். பிள்ளைகள் பரிசோதனையைச் செய்து, பார்த்ததைத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதணும் என்பது விதி. 1978இல் மாவட்டம் முழுக்க விரிந்தது. அதே வருசம் அங்கே போன அர்விந்த் குப்தா என்ற பொறியியலாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் கேத்திரகணித உருவங்கள் செய்யச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தங்களுக்கு வருகிற கேள்விகளை 'சவாலிராம்' என்ற கற்பனை ஆளுக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் பரீட்சையை மாற்றியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைப் பரீட்சையும் உண்டு. மனப்பாடம் செய்து பிரயோசனம் இல்லை என்று ஆனவுடனே வகுப்பறை தானாக மாறியது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. நல்ல திட்டம் என்பதற்காக அது நிலைத்து நிற்கும் என்று இல்லை, பெற்றோரும் ஊரும் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளணும் என்பதும் அதில் இருக்கிற பாடம்தான். ஆனாலும் 30 வருசம் ஓடியது. தீக்குச்சியாலும் டியூபாலும் 30 வருசம் ஓட முடிந்தது என்றால், "லேப் இல்லை" என்ற நம்ம காரணத்தை இன்னொரு தடவை யோசிக்கணும். கட்டடம் கட்டித் தந்தால் விஞ்ஞானம் வந்துவிடும் என்றும் இல்லை. பூட்டின ஆய்வுகூடங்களை நாம் பார்த்ததில்லையா?

"மலையகத்தில் விஞ்ஞான டீச்சரே பற்றாக்குறை, இதில் முறை வேறயா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு இருப்பது கொஞ்சத்தில்தான். நான் கலைப்பீடத்தில் இருப்பதற்கும் அது ஒரு காரணம். என் பாடசாலையில் ஓ.எல். முடித்தால் கலைப்பிரிவுதான் இருந்தது. ஆனால் இதே காரணத்தால்தான் முறையை ஓ.எல்.லுக்கு முன்பே சொல்லித் தரணும் என்கிறேன். நம்ம பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு விஞ்ஞான வகுப்பு தரம் 11உடன் முடிந்துவிடும். அதன்பிறகு அவர்கள் கடைக்கு, கொழும்புக்கு, தோட்டத்துக்கு, கலைப்பீடத்துக்குப் போவார்கள். தாவரக் கலத்தின் பகுதிகள் ஒரு வருசத்தில் மறந்துபோகும். வட்ஸ்அப்பில் வருகிற மருத்துவச் செய்தியையும், லோன் தருகிற கம்பனியின் கணக்கையும், மேடையில் வருகிற வாக்குறுதியையும் பார்த்து "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பழக்கம் மறக்காது. டொக்டர் ஆகப் போகிற பிள்ளைக்கு முறையைச் சொல்லித் தர பின்னால் ஆள் இருக்கிறார்கள். டொக்டர் ஆகாத மற்றப் பிள்ளைகளுக்குத்தான் வேறு வாய்ப்பு இல்லை.

சாமி கும்பிடாதே, காமன் கூத்து ஆடாதே என்று சொல்கிற விசயமும் இல்லை இது. கூத்து எந்த நோயையும் குணப்படுத்துவதாகக் காசு வாங்கவில்லை. காசு வாங்குகிற இடத்தில், கூலி குறைக்கிற இடத்தில், சட்டம் போடுகிற இடத்தில் கேள்வி கேட்டால் போதும்.

எங்கே ஆரம்பிப்பது? கொட்டகலையிலேயே ஆரம்பிக்கலாம். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கு. அரசினர் ஆசிரியர் கலாசாலையும் இங்கேதான் இருக்கு. மலையகப் பாடசாலைகளுக்குப் போகிற டீச்சர்மாரில் நிறையப் பேர் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். தேயிலை மலையில் கிடைக்கிறதை வைத்துச் செய்யக்கூடிய ஐம்பது பரிசோதனைகளை அங்கே படிப்பவர்கள் சேர்ந்து எழுதினால், அது எந்தக் கட்டடத்தையும் விடப் பெரிய உதவி. கொழுந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வாடும், அட்டைக்கு உப்பா சவர்க்காரமா, போத்தலில் செய்த மழைமானிக்கும் தோட்ட ஒபிசில் எழுதி வைக்கிற மழைக் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் இதழை நடத்தி வருகிறது; தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது.

கம்பஸில் இருக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது மாலை வகுப்பு எடுக்கிறோம். பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள்தான் செய்து கொடுக்கிறோம். அதையும் செய்வோம், பரீட்சை இருக்கிற வரைக்கும் அது தேவை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு தராசையோ வெப்பமானியையோ கொடுத்து, அவங்க வீட்டில் தினமும் சண்டை வருகிற ஏதாவது ஒரு விசயத்தை அளந்து வரச் சொல்லலாம். வருகிற விடை பாடப்புத்தகத்தோடு ஒத்துப் போகாவிட்டால் அவசரப்பட்டுத் திருத்தாமல், இன்னொரு தடவை அளக்கச் சொன்னால் போதும்.